ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: போர்டு போய்விட்டதா?

சாரல்காற்று:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி). தனியாக கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, போர்டிலேயே இருக்கும் நீல நிற விஜிஏ போர்ட்டில்தான் மானிட்டர் மாட்டியிருக்கிறோம். சீசன் நேரத்தில் தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தோம், திரும்பி வந்து போட்டால் டிஸ்ப்ளே இல்லை. கேபினட் உள்ளே ஃபேன் எல்லாம் நன்றாகச் சுற்றுகிறது, முன்பக்கம் பவர் விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டரில் நோ சிக்னல் என்று ஒரு நொடி காட்டிவிட்டு விளக்கு ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடுகிறது. பீப் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்தில் சர்வீஸ் பண்ணுகிற பையனிடம் போனில் சொன்னேன். ஃபேன் ஓடுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கிறது, அப்படியானால் போர்டுதான் போயிருக்கும், இந்த போர்டு இப்போது புதிதாக வராது, பேசாமல் புது சிஸ்டம் வாங்கிவிடுங்கள் என்கிறார். புதிது வாங்குவது ஒருபுறம் இருக்கட்டும், குடும்பப் படங்களும் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனும் அதில்தான் இருக்கின்றன. உண்மையிலேயே போர்டு போனதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டரும் இருக்கிறது.

மதுரை சர்வீஸ்:

வணக்கம் சார். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஃபேன் சுற்றுவதை வைத்து எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, போர்டு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஃபேனுக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும்தான், அது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டு வழியாக அப்படியே போகிறது, பிராசசர் வேலையே செய்யாவிட்டாலும் ஃபேன் சுற்றும். சிஸ்டம் உயிரோடு இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கட்டம். எஸ்எம்பிஎஸ் எல்லா வோல்ட்டேஜும் சரி என்று ஒரு சிக்னல் கொடுக்கும் (24 பின் கனெக்டரில் சாம்பல் நிற வயர்), அது வந்த பிறகுதான் பிராசசர் விழித்து பயாஸ் (சிஸ்டத்தை எழுப்பும் தொடக்க மென்பொருள்) இருக்கும் சிப்பைப் படிக்க ஆரம்பிக்கும், பிறகு ரேமைத் தயார் செய்யும், அதற்கும் பிறகுதான் திரையில் முதல் எழுத்து வரும். ரேம் சோதனையில் நின்றுவிட்டால் என்ன கோளாறு என்று திரையில் எழுதிக் காட்டக்கூட அதனால் முடியாது. அதற்காகத்தான் பீப் சத்தம் என்ற ஏற்பாடே.

அதனால் கேபினட்டைத் திறப்பதற்கு முன்பே இரண்டு விஷயம் பாருங்கள். ஆன் செய்து அரை நிமிடம் விட்டுவிட்டு கீபோர்டில் நம் லாக் (Num Lock) கீயை அழுத்துங்கள். அழுத்த அழுத்த விளக்கு எரிந்து அணைந்தால் சிஸ்டம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கோளாறு மானிட்டர், கேபிள், விஜிஏ போர்ட் பக்கம். ஆன் செய்தவுடன் ஒருமுறை மின்னுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது யுஎஸ்பியில் கரண்ட் வருவதைத்தான் காட்டும். இரண்டாவது, உங்கள் போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் டிவியில் மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, பீப் கேட்கவில்லை என்கிறீர்களே, கேபினட்டில் ஸ்பீக்கர் இருக்கிறதா? பாட்டு கேட்கிற ஸ்பீக்கரைக் கேட்கவில்லை, போர்டின் ஓரத்தில் 4 பின்னில் மாட்டுகிற குட்டி ஸ்பீக்கர். பல கேபினட்டில் அதை வைப்பதே இல்லை. அது இல்லாமல் பீப் வரவில்லை என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை.

சாரல்காற்று:

விரிவான பதிலுக்கு நன்றி. நம் லாக் அழுத்திப் பார்த்தேன், விளக்கு மாறவே இல்லை. டிவியிலும் படம் வரவில்லை. கேபினட்டைத் திறந்து பார்த்தால் நீங்கள் சொன்ன குட்டி ஸ்பீக்கர் எங்கும் காணோம், போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதியிருக்கும் பின்கள் காலியாக இருக்கின்றன. உள்ளே தூசி நிறைய, ரேம் ஸ்லாட் பக்கம் சிறு எறும்புகள் செத்துக் கிடக்கின்றன.

லினக்ஸ் வாசகன்:

ஐயா, படங்களையும் பத்திரத்தையும் பற்றிக் கவலை வேண்டாம். போர்டே போயிருந்தாலும் ஹார்ட் டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கேபிள் எல்லா கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும், வாங்கும்போது 12 வோல்ட் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள், டெஸ்க்டாப்பில் இருக்கும் 3.5 இன்ச் டிஸ்க் யுஎஸ்பி கரண்டில் மட்டும் ஓடாது. அதை வேறு லேப்டாப்பில் மாட்டி முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள், அப்புறம் நிதானமாக ரிப்பேர் பார்க்கலாம். கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே கொடுங்கள். டிஸ்ப்ளே வருகிறதா என்று பார்ப்பதற்கு ஹார்ட் டிஸ்க் தேவையே இல்லை, யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

மதுரை சர்வீஸ்:

லினக்ஸ் வாசகன் சொன்னதை முதலில் செய்துவிடுங்கள் சார்.

நம் லாக் மாறவில்லை என்றால் சிஸ்டம் தொடக்கச் சோதனையிலேயே நிற்கிறது. நீங்கள் சொன்னதில் மூன்று விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சாரல் காலத்து ஈரம், நாள்கணக்கில் பூட்டிக் கிடந்தது, ரேம் பக்கம் எறும்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் போர்டைச் சந்தேகிக்கும் முன் ரேம் காண்டாக்டைத்தான் சந்தேகிப்பேன். மழைக்காலம் முடிந்து வருகிற நோ டிஸ்ப்ளே சிஸ்டங்களில் பாதிக்கு மேல் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே எழுந்துவிடுவதைத்தான் என் கடையில் பார்க்கிறேன். காசு வாங்கக்கூட மனசு வராது.

அந்தக் குட்டி ஸ்பீக்கரை ஒன்று வாங்கிவிடுங்கள். விலை மிகக் குறைவுதான், பழைய கேபினட் போட்டு வைத்திருக்கும் கடையில் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதை மாட்டிவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச கரண்ட் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு இரண்டு ரேமையும் கழற்றுங்கள். ரேமே இல்லாமல் ஆன் செய்யுங்கள், ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

ரேம் இல்லாமல் ஆன் செய்யும்போது விட்டு விட்டு பீப் அடித்தால் அது மிக நல்ல செய்தி. பிராசசர் ஓடுகிறது, பயாஸ் படிக்க முடிகிறது, ரேம் இல்லை என்று கண்டுபிடித்துப் புகார் சொல்லுகிற அளவுக்கு போர்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சத்தமும் இல்லை என்றால்தான் எஸ்எம்பிஎஸ், பயாஸ், போர்டு, பிராசசர் என்று போக வேண்டும். போர்டு போய்விட்டது என்று போனிலேயே சொல்வதற்கும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுச் சொல்வதற்கும் உங்களுக்கு ஒரு புது சிஸ்டத்தின் விலை வித்தியாசம் சார், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பீப் கணக்கு பயாஸுக்கு பயாஸ் மாறும். ஏசஸ் போர்டுகளில் ஒரு நீண்ட சத்தமும் இரண்டு குட்டிச் சத்தமும் என்றால் ரேம் தெரியவில்லை, ஒன்று நீண்டு மூன்று குட்டி என்றால் டிஸ்ப்ளே கார்டு தெரியவில்லை. மற்றவற்றுக்கு அந்தந்த மேனுவலைப் பார்க்க வேண்டும்.

கரிசல்மண்:

ரேமின் தங்க நிறப் பற்களை அழிரப்பர் வைத்துத் தேய்த்தால் போதும், நான் காலேஜ் லேபில் வேலை பார்த்த காலத்திலிருந்து இதுதான் வைத்தியம். மென்மையான வெள்ளை ரப்பர், ஒரே திசையில், இரண்டு பக்கமும்.

மதுரை சர்வீஸ்:

ரப்பர் வேலை செய்யும், நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தங்க முலாம் ரொம்ப மெல்லியது, அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிடும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே புதுத் தொல்லை. வேறு வழியில்லாதபோது மெதுவாக ஒருமுறை, துகளைச் சுத்தமாகத் தட்டிவிட்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. பஞ்சு நார் விடும், அதனால் நார் விடாத துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஸ்லாட்டுக்குள் காய்ந்த மென்மையான பிரஷ். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை தயவு செய்து யாரும் ரேம் ஸ்லாட்டில் அடிக்க வேண்டாம், அப்படி அடித்துக்கொண்டு வந்த போர்டுகளைப் பார்த்திருக்கிறேன், தூசி எல்லாம் அதில் ஒட்டிப் பிசினாகிவிடும்.

புதுக்கணினி:

அண்ணா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் புது சிஸ்டம். ரைசன் 5 5600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்எக்ஸ் 580 கார்டு. முதல்முறை ஆன் செய்கிறேன், எல்லா ஃபேனும் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. எச்டிஎம்ஐ கேபிளை போர்டில் மாட்டினாலும் கார்டில் மாட்டினாலும் அதே கதை. போர்டில் சிபியு (பிராசசர்) என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது.

லினக்ஸ் வாசகன்:

தம்பி, முதலில் போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயை மறந்துவிடுங்கள். 5600இல் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, 5600ஜி என்று ஜி சேர்ந்து வருவதில்தான் உண்டு. இன்டெல்லில் எஃப் என்று முடிகிற 12400எஃப் மாதிரி மாடல்களும் இப்படித்தான். போர்டில் போர்ட் இருக்கும், ஆனால் அதற்குப் படம் கொடுக்க ஆள் இருக்காது.

சிபியு விளக்கிலேயே நிற்கிறது என்பதால் எனக்கு வரும் முதல் சந்தேகம் பயாஸ். பி450 போர்டு 2018இல் வந்தது, 5600 வந்தது 2022இல். பழைய ஸ்டாக் போர்டாக இருந்தால் அதிலுள்ள பயாஸுக்கு இந்தப் பிராசசரை அடையாளமே தெரியாது. போர்டு கம்பெனி தளத்தில் உங்கள் மாடலின் பிராசசர் பட்டியலைத் திறந்தால் 5600க்கு எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று போட்டிருக்கும், போர்டின் பெட்டியிலோ பயாஸ் சிப்பின் ஸ்டிக்கரிலோ இருக்கும் பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டு என்றால் பென் டிரைவில் ஃபைலைப் போட்டு பிராசசர் ஆதரவு இல்லாமலே ஏற்றிவிடலாம். ஃபைலுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பதை மேனுவலில் பார்த்து எழுத்துப் பிசகாமல் வையுங்கள், பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கட்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். பட்டன் இல்லாத போர்டு என்றால் வாங்கிய கடையிலேயே பழைய ரைசன் ஒன்றை, 2600 மாதிரி, மாட்டி ஏற்றித் தரச் சொல்லுங்கள். போர்டு விற்றவர்கள் செய்து தர வேண்டிய வேலைதான் அது.

அதற்கு முன் போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் சிபியு பவர் கேபிள் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், சிபியு விளக்கு எரியும். கார்டின் 8 பின் கேபிள் வேறு, இது வேறு, இரண்டையும் மாற்றி மாட்டவும் கூடாது.

சாரல்காற்று:

நண்பர்களே, முன்னேற்றம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை மருமகன் லேப்டாப்பில் மாட்டி எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டோம். ஸ்பீக்கர் கிடைத்தது. ரேம் இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்தேன், விட்டு விட்டு நீண்ட பீப் அடித்தது. மதுரை சர்வீஸ் அவர்களே, அந்தச் சத்தம் கேட்டபோது வந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

ரேமைத் துடைத்து, ஸ்லாட்டை பிரஷால் சுத்தம் செய்து, ஒரே ஒரு ரேமை பிராசசருக்குப் பக்கத்து ஸ்லாட்டில் மாட்டினேன், மறுபடியும் பீப். அதே ரேமை இன்னொரு ஸ்லாட்டில் மாட்டினால் ஒரே ஒரு குட்டி பீப், டிஸ்ப்ளே வந்துவிட்டது! இரண்டாவது ரேமையும் அந்த ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தேன், அதுவும் நன்றாக வேலை செய்கிறது. ஆக ரேம் இரண்டும் நல்லது, ஒரு ஸ்லாட் மட்டும் எடுக்கவில்லை. திரையில் சிமாஸ் செக்சம் என்று ஏதோ பிழை காட்டி எஃப்1 அழுத்தச் சொல்கிறது, அழுத்தினால் விண்டோஸ் வருகிறது, ஆனால் தேதி 2012 என்று காட்டுகிறது, இணையதளம் திறந்தால் சான்றிதழ் சரியில்லை என்கிறது.

மதுரை சர்வீஸ்:

ரொம்ப சந்தோஷம் சார். தேதி பின்னால் போனது சிமாஸ் பேட்டரி (தேதியையும் பயாஸ் அமைப்பையும் காக்கும் செல்) தீர்ந்ததால். போர்டில் வட்டமாக, பளபளவென்று இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டரில் பாருங்கள், நல்ல செல்லில் 3 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும், 2.7க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். எழுத்து இருக்கும் பக்கம் மேலே பார்த்தபடி வைக்க வேண்டும். பிறகு பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரி செய்து சேமித்தால் சான்றிதழ் தொல்லையும் போய்விடும், தளங்களின் சான்றிதழ் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்றுதான் செல்லும், உங்கள் சிஸ்டம் 2012இல் இருந்தால் அது ஒப்புக்கொள்ளாது.

அந்த இன்னொரு ஸ்லாட்டை உடனே செத்ததாக எழுதிவிடாதீர்கள். எச்61இல் ஒரு சேனலுக்கு (பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை) ஒரு ஸ்லாட்தான், ரேமைக் கட்டுப்படுத்துகிற பகுதி போர்டில் இல்லை, பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ஸ்லாட்டில் அழுக்கு என்பது ஒரு காரணம், பிராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருப்பது, பிராசசர் மேல் சூடு தணிக்க இருக்கும் ஹீட் சிங்க்கின் நான்கு காலில் ஒன்று சரியாக உட்காராமல் பிராசசர் ஒரு பக்கமாக அழுந்துவது, இவையும் அதே குறியைக் காட்டும். ஸ்லாட்டை ஆல்கஹாலும் பிரஷும் வைத்து இன்னொரு முறை நிதானமாகச் சுத்தம் செய்யுங்கள், எறும்பு உள்ளே செத்துக் கிடந்தால் டார்ச் அடித்தால் தெரியும். ஹீட் சிங்க் கால்கள் நான்கும் இறங்கியிருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். அதற்கு மேல் சாக்கெட்டைத் திறந்து பின்னைத் தொடுவதை நான் வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன், இந்த மாடலில் பின்கள் போர்டு பக்கம்தான் இருக்கின்றன, ஒன்று மடங்கினால் நன்றாக இருக்கிற ஸ்லாட்டும் போய்விடும்.

கரிசல்மண்:

ஐயா, வீட்டை மறுபடி நாள்கணக்கில் பூட்டிவிட்டுப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள், பிளக் மாட்டியே இருந்தால் எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட்டை எப்போதும் போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், சிஸ்டம் அணைந்திருந்தாலும். ஈரமும் எறும்பும் சேர்ந்த இடத்தில் அது நல்லதில்லை.

புதுக்கணினி:

லினக்ஸ் வாசகன் அண்ணா, பயாஸ்தான் காரணம். போர்டில் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தது, நீங்கள் சொன்னபடி ஏற்றினேன், சிபியு விளக்கு அணைந்து டிஸ்ப்ளே வந்துவிட்டது. 8 பின் கேபிள் ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது. ரொம்ப நன்றி.

லினக்ஸ் வாசகன்:

நல்லது தம்பி. விண்டோஸ் 11 போட்டால் டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு) தானாகவே இயங்கியிருக்கிறதா என்று பார்த்து, ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி பயாஸ் மாற்றினாலோ பிராசசர் மாற்றினாலோ அந்த கீயைக் கேட்கும், அது இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

சாரல்காற்று:

செல் மாற்றிவிட்டேன், தேதி நிற்கிறது, இணையதளங்கள் திறக்கின்றன. ஹீட் சிங்க் கால்கள் நான்கும் உறுதியாகத்தான் இருக்கின்றன, ஸ்லாட்டை எவ்வளவு சுத்தம் செய்தும் அந்த ஒன்று எடுக்கவில்லை, இனி அதைத் தொடப்போவதில்லை. இப்போது 4 ஜிபியில் ஓடுகிறது, ஆனால் பிரவுசரில் இரண்டு மூன்று பக்கம் திறந்தாலே திணறுகிறது. ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபி ரேம் போட்டால் இந்த போர்டு எடுக்குமா? நெட்டில் மிக மலிவாக ஒன்று பார்த்தேன்.

மதுரை சர்வீஸ்:

எடுக்கும் சார், எச்61 ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி வரை எடுக்கும். டெஸ்க்டாப் டிடிஆர்3, 1600 வேகம். ஆனால் அந்த மலிவான ரேமின் விளம்பரத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு வாங்குங்கள். ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். அந்த வகை 8 ஜிபி ரேமில் சிப்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமே வேறு, இன்டெல் போர்டு அதை ஏற்காது. மாட்டினால் மறுபடி ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது, நீங்கள் திரும்ப போர்டைச் சந்தேகிக்க ஆரம்பிப்பீர்கள். இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் ஆகும் என்று தெளிவாகப் போட்டிருப்பதை, திருப்பி எடுத்துக்கொள்கிற கடையில் வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் கேபினட்டையே தூக்கிக்கொண்டு போய் அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஒற்றை ரேமில் ஓடுவதால் வேகம் கொஞ்சம் குறையும்தான், படம் பார்க்க, பத்திரம் பார்க்க, பேங்க் வேலைக்கு அது உங்களுக்குத் தெரியாது. அந்தக் குட்டி ஸ்பீக்கர் போர்டிலேயே மாட்டியபடி இருக்கட்டும், கழற்ற வேண்டாம்.